முக்கால் இஞ்ச் வால்வு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் உள்ள அந்தக் கல்லூரி விடுதியில் சோறும் சாம்பாரும் நீராவியில்தான் வேகும். பின்புறத்து பாய்லரில் நீராவி ஏழு கிலோ அழுத்தத்தில் கிளம்பும். சமையல்கட்டின் இரட்டைச் சுவர்ப் பாத்திரங்களுக்கோ ஒன்றரை கிலோ போதும். நடுவில் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்க ஒரு வால்வு. அதைப் பார்த்துக்கொள்பவன் சகாய ஆனந்த். ஏலாக்குறிச்சிக்காரன், நாற்பது தாண்டியவன், கேட்டால் ஒழியப் பேசாதவன்.

ஒரு வருடமாக அந்த வால்வு சொன்னபடி கேட்கவில்லை. பாத்திரங்களுக்குப் போகும் நீராவியை மூடினால் மீட்டர் முள் ஏறும். இரண்டு கிலோவைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு திறந்து வளாகமே திரும்பிப் பார்க்கும்படி அலறும். ஆனந்த் ஞாயிறுதோறும் வால்வைக் கழற்றுவான். வடிகட்டியில் வெள்ளைப் பொருக்கு அடைந்திருக்கும். "நம்ம பக்கத்துத் தண்ணி அப்படி" என்பார்கள், அவனும் அதையே சொல்வான். சுண்ணாம்புக்கல் பூமியில் தண்ணீர் வேறெப்படி இருக்கும்? துடைத்து மாட்டினால் இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். பிறகு பழைய கதைதான்.

இரண்டு வாரத்துக்கு முன் அவன் வால்வின் இருக்கையை, மூடும்போது அடைப்பான் வந்து அமரும் வளையத்தை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பளபளப்பான உலோகத்தில் ஊசியால் கீறியதுபோல் கோடுகள். சுண்ணாம்பு படியும், இப்படி அறுக்காது. வால்வு எப்போதும் மயிரிழைதான் திறந்திருக்கிறது, அந்த இடுக்கில் நீராவி சீறி உலோகத்தை அரிக்கிறது, அதனால்தான் மூடினாலும் கசிந்து முள் ஏறுகிறது என்று புரிந்தது. வால்வோடு வந்த புத்தகத்தை எடுத்து, எந்த அளவு வால்வு மணிக்கு எத்தனை கிலோ நீராவி விடும் என்ற பட்டியலைப் படித்தான். குழாய் இரண்டு இஞ்ச், அதனால் வால்வும் இரண்டு இஞ்ச் என்று சென்ற வருடம் கேட்டு வாங்கியது அவன்தான். பட்டியல் பக்கம் அன்று அவன் போகவே இல்லை.

புத்தகத்தை மூடி வைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மெஸ் மேனேஜர் பரணிதரன் சமையல்காரப் பெண்கள் பதினொரு பேரையும் நிற்க வைத்துப் பேசினார்.

"செல்வம்மாக்கா கைப்பிடியப் படக்குன்னு மூடுறாங்க. அதான் பிரஷர் ஏறுது. ரெண்டு தடவ சொல்லியாச்சு. திங்கக்கிழமைலேர்ந்து அவங்க காய் வெட்டட்டும். நர்மதா ஸ்டீம் பாக்கட்டும்."

பாத்திரங்களின் நீராவிக் கைப்பிடிகளைத் திறந்து மூடுவது அதுவரை செல்வம்மாளின் வேலை. பிறகு, அரிசி களைந்துகொண்டே, பக்கத்தில் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்த ஆனந்திடம் மெல்லச் சொன்னாள்.

"காய் வெட்டுறது ஒண்ணும் கேவலமில்ல தம்பி. ஆனா தப்புப் பண்ணிட்டுப் போனாள்னு ஆயிடுச்சு பாரு. நான் மெதுவாத்தான் மூடுறேன். நீயே பாத்திருக்கல்ல?"

"பாத்திருக்கேங்க்கா."

அவள் மேலும் ஏதாவது வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. அரிசிக்குத் திரும்பினாள்.

ஆனந்துக்கு மௌனம் பிடிக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் ஊர் வரும்வரை ஒரு சொல் பேசாமல் வருவான். அது அவனுக்குக் கோயிலில் உட்கார்ந்திருப்பதுபோல. அன்று மாலை அதே ஜன்னலோரம் கிடைத்தும் உட்காரப் பிடிக்கவில்லை. இறங்கும்வரை கம்பியைப் பிடித்து நின்றே வந்தான்.

மறுநாள் காலை நேரே மேனேஜர் அறைக்குப் போனான்.

"சார், செல்வம்மாக்கா மேல தப்பில்லீங்க. வால்வு பெருசு. நான்தான் தப்பா எடுத்தேன்."

பரணிதரன் பேனாவை வைத்தார். "தண்ணின்னுதானே சொன்னீங்க?"

"தண்ணியும் கெடுதல்தாங்க. ஆனா அதுக்குப் பின்னாடி நான் ஒளிஞ்சுக்கிட்டேன்."

"எவ்ளோ பெருசு?"

"அளந்து காட்டுறேங்க."

அளக்கும் வழி எளியது. பாத்திரத்தைச் சுட வைத்த நீராவி தண்ணீராகி ஒரே குழாயில் திரும்பும். அந்தத் தண்ணீரின் எடைதான் செலவான நீராவியின் எடை. வரும் கொதிநீர் ஆவியாய்ப் போகாதிருக்க ஒரு டிரம்மில் பாதி பச்சைத் தண்ணீர் ஊற்றி, உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். எட்டுப் பாத்திரமும் ஒன்றாகக் கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் குழாயின் வாயை டிரம்முக்குள் முக்கினான் ஆனந்த். பரணிதரன் கைபேசியில் பத்து நிமிடம் பார்த்தார். கூடியது முப்பத்தெட்டு கிலோ.

"மணிக்கு எறநூத்து முப்பதுன்னு வச்சுக்கலாங்க. இந்த வால்வு ரெண்டாயிரத்துக்கு மேல விடும்."

"அப்ப எது வேணும்?"

"முக்கா இஞ்ச்."

பின்னால் நின்ற நர்மதா வாயைப் பொத்திக்கொண்டாள். "இவ்ளோ தடி குழாய்க்கு அம்புட்டூண்டு வால்வா? யானைக்குக் கொசு மூக்கு வச்சாப்புல இருக்குமே அண்ணே."

பரணிதரன் சிரிக்கவில்லை. டிரம்மையும் தராசையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வரவழைங்க" என்றார்.

திருச்சியிலிருந்து வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை இருபுறமும் குழாயைச் சுருக்கி அதை மாட்டினான். முன்னால் புது வடிகட்டி. அதற்கும் முன்னால் நீராவியோடு வரும் ஈரத்தைப் பிரித்து வடிக்கும் சட்டி ஒன்று. பகல் சமையல் தொடங்கியது. எட்டுப் பாத்திரமும் திறந்தபோது முள் ஒன்றரையில் நின்றது. சோறு வெந்ததும் செல்வம்மாள் ஒவ்வொன்றாக மூடினாள். கடைசி இரண்டை வேண்டுமென்றே படக்கென்று மூடிவிட்டு மேலே பார்த்தாள். முள் லேசாகத் துள்ளி, இறங்கி, நின்றுவிட்டது. சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

பரணிதரன் சுவரில் ஒட்டியிருந்த வேலைப் பட்டியலில் செல்வம்மாளின் பெயரை மறுபடி நீராவிப் பக்கம் எழுதினார். "தப்பா நெனச்சுட்டேங்க்கா" என்றார்.

"பரவால்ல சார்" என்றாள் அவள். அவர் போனதும் ஆனந்தைப் பார்த்தாள். "சார் எழுதிட்டாரு. ஆனா அன்னிக்கி பதினோரு பேருக்கு முன்னாடில்ல சொன்னாரு. இவளுவ காதுல நீ சொல்லு."

"நானாங்க்கா?"

"வேற ஆரு?"

பெண்கள் சாப்பிடத் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனந்த் கையைத் துடைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றான்.

"அக்கா கையில ஒரு தப்பும் இல்லைங்க. வால்வ நான் பெருசா வாங்கிட்டேன். தெரிஞ்சப்புறமும் ரெண்டு வாரம் சொல்லாம இருந்தேன்."

நர்மதா தட்டிலிருந்து நிமிர்ந்து, "இத்தன வார்த்தையா இருந்துச்சு உள்ள?" என்றாள். சிரிப்பு எழுந்தது, செல்வம்மாளும் சேர்ந்து சிரித்தாள். நகர்ந்து இடம் விட்டு, ஒரு தட்டை எடுத்து அவனுக்கும் சோறு போட்டாள்.