நண்டின் எடைப் பிரிவு

மனிதகுலம் நாகரிகம் அடைந்தது நெருப்பாலோ சக்கரத்தாலோ அல்ல. அடுத்தவர் காலைப் பிடித்து வாரிவிடுவதை நிறுத்தியதால்தான். இதை முழுப் பொறுப்போடு சொல்கிறேன். கல்லூரி இதழில் இரண்டு பக்கக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் படிக்கவில்லை.

உட்கார்ந்து படிக்க இடமில்லை என்பதும் ஒரு காரணம். கூடம் முழுக்கத் தங்கச்சியின் மல்யுத்த மெத்தை. பத்தாம் வகுப்புப் படிக்கும் அவளை நண்டு என்றுதான் கூப்பிடுவோம். பிடித்த காலை விடமாட்டாள். அவளுக்குக் கால் கொடுப்பவர் அப்பா. தையல்காரர். பகலெல்லாம் மிஷின் மிதித்துவிட்டு வந்து, சாயங்காலம் மகள் கையால் முப்பது தடவை விழுவார். ஒவ்வொரு தடவையும் எழுந்து, "சூப்பர்டா கண்ணு" என்பார்.

"விழுறதுக்குன்னே கடையச் சாத்திட்டு வர்ற ஒரே ஆளு நீங்கதான்ப்பா" என்றேன்.

"நீயும் ஒரு தடவை விழுந்து பாரேன்."

"நான் படிச்சவன்பா."

"பாஸ் பண்ணவன்னு சொல்லலையே" என்றாள் நண்டு.

பள்ளி அணியில் நாற்பத்தொன்பது கிலோ பிரிவுக்கு ஒரே ஒரு இடம். அதற்காக மூன்று வருடமாக உருண்டுகொண்டிருந்தாள். தேர்வு நாள் காலையில்கூட வீட்டு எடை மிஷின் நாற்பத்தெட்டு கிலோ எழுநூறு காட்டியது. பள்ளி மிஷினோ நாற்பத்தொன்பது அறுநூறு என்றது.

"வீட்டுல மிஷினை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் கோச் அக்கா.

"மெத்தை மேல."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "மெத்தையில வெச்சா குறைச்சுத்தான் காட்டும். எந்தப் புத்திசாலி அங்க வெச்சது?"

துணைக்குப் போயிருந்த அந்தப் புத்திசாலி, அதாவது நான், கூரையைப் பார்த்தேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் தலைசீவ இடைஞ்சலாக இருக்கிறதென்று பத்து நாளைக்கு முன்னால் நான்தான் தூக்கிவந்து மெத்தையில் போட்டேன்.

"கொஞ்சம் ஓடி வேர்த்துட்டு வரட்டுமாக்கா?"

"ஒண்ணும் வேணாம். வளர்ற உடம்பைத் துணி மாதிரி பிழியக் கூடாது. ஐம்பத்து மூணுல இறங்கு."

எதிரே வந்தவள் அலமாரிக்கு ஜடை போட்ட மாதிரி இருந்தாள். நண்டு இரண்டு தடவை காலைப் பிடித்துச் சாய்த்தாள். நாலு புள்ளி. அப்புறம் அலமாரி அவள் மேல் படுத்துக்கொண்டது. எவ்வளவு நெளிந்தும் வெளியே வர முடியவில்லை. ஆறுக்கு நாலு. தோற்றவள் அழாமல் ஷூ லேஸை மட்டும் ரொம்ப நேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அடுத்த மாசம் இன்னொரு தேர்வு இருக்கு" என்றார் அக்கா. "ஐம்பத்து மூணுக்கே பழகு."

வீட்டில் நண்டு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். "எனக்கு வேணாம். நாப்பத்தொன்பதுக்கே இறங்கிக்கிறேன்."

"பட்டினி கிடந்து என்னத்தடி பிடிப்ப?" என்றாள் அம்மா.

"ஐம்பத்து மூணுக்கு நான் யார்கிட்டம்மா பழகுறது? அப்பா நாப்பத்தாறு கிலோ. அவர் மேல படுத்தா போர்வை போத்துன மாதிரி இருக்கு."

அப்பா குனிந்து தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார், அளவெடுத்த பிறகு துணி பத்தாமல் போனதுபோல.

"மிஷினை மெத்தையில வெச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றாள் நண்டு. "அதுல உன் சீப்பும் கிடந்துச்சு."

நான் மிஷினை வெறுந்தரையில் வைத்து ஏறி நின்றேன். ஐம்பத்து நாலு. நண்டு எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்தபோது நான் மெத்தையில் மல்லாந்து கிடந்தேன். அது பதினோராவது தடவை. அப்பா சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குந்தினார்.

"விழும்போது தாடையை நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கோடா. தலையில அடிபடாது."

எழுந்து நின்று, ஒட்டி வைத்துக்கொண்டேன்.