ஓனிச்சா ரொட்டி

டிசம்பர் கடைசியில், முன்னோர் ஆவி இறங்கும் நாளன்று, அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேருக்குப் பக்கத்து நகரமான ஓனிச்சாவில் அவசர வேலை வந்துவிடும். வருஷா வருஷம் இப்படித்தான். பேருந்து என்னவோ காலியாகத்தான் போகும். எந்தப் பெண்ணும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஆவி கரையான் புற்றிலிருந்து வருகிறது, அதற்குள் மனிதன் இல்லை, பேச்சு முடிந்தது. தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கப் பழகாதவள் அங்கே குடித்தனம் நடத்த முடியாது.

லாகோஸிலிருந்து மனைவியோடு கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த அனாயோவும் காலையில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"உலோமா, ஓனிச்சா வரைக்கும் போய்ட்டு வரேன். கூட்டாளி ஒருத்தனப் பாக்கணும்."

"போய்ட்டு வாங்க. வரும்போது ரொட்டி வாங்கிட்டு வாங்க. இனிப்பு ரொட்டி. வெட்டாம முழுசா."

"ரொட்டிக்குப் பொறந்தவடி நீ!" என்று சிரித்துவிட்டுப் போனான். அவளும் சிரித்தாள்.

படுக்கையை உதறியபோது தலையணைக்கு அடியிலிருந்து அவனுடைய நீல நிற இன்ஹேலர் விழுந்தது. உலோமா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நிஜமாகவே ஓனிச்சா போகிறவனாக இருந்தால் அது சட்டைப்பையில் போயிருக்கும். ஆவிக்கு ஏது பை? வெளியே வடக்கிலிருந்து வரும் புழுதிக்காற்று மரங்களையே மறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் புழுதியில், தலை முதல் கால் வரை நாரும் துணியும் மூடிக்கொண்டு, மரமுகத்தைச் சுமந்து ஆட வேண்டும். ஆஸ்துமாக்காரன்!

யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றால், யாருக்கு என்று சொல்வது? ஓனிச்சா போனவனுக்கு ஊர் மைதானத்தில் என்ன வேலை? பக்கத்து வீட்டு எகோண்டுவின் நாத்தனார் ஒருமுறை ஆவியைப் பார்த்து, "ஐயோ, அது எங்க அண்ணன் காலு!" என்று சிரித்துவிட்டாள். ஒரு மாடு அபராதம். அதோடு விட்டார்களா? அவளோடு யாரும் பேசவில்லை, சந்தையில் அவளிடம் யாரும் எதுவும் வாங்கவில்லை. கடைசியில் புருஷனே அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டான். இன்றைக்கும் அவள் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள்.

இன்ஹேலரை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு உலோமா மைதானத்துக்கு ஓடினாள்.

கூட்டம் நெருக்கியது. பெண்கள் பின்வரிசையில், எகோண்டு அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். ஊரார் மலைப்பாட்டன் என்று அழைக்கும் ஆவி மணிகள் குலுங்க வந்தது. பெண்களைத் துரத்தியது. எல்லோரும் அலறிக்கொண்டு ஓடினார்கள், பிறகு சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். அந்த ஆட்டத்தில் இடது காலைச் சற்று இழுத்து வைக்கும் பழக்கத்தை உலோமா அடையாளம் கண்டுகொண்டாள். கண்டுகொள்ளாததுபோல் கைதட்டினாள்.

ஆட்டத்தின் நடுவே மலைப்பாட்டன் நின்றார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தார்.

"பாட்டன் பூமிகிட்ட பேசுறாரு!" என்று குழல்காரன் முழங்கினான். முரசு இன்னும் வேகமெடுத்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

உலோமா மட்டும் கைதட்டுவதை நிறுத்தினாள். லாகோஸில் எத்தனை இரவு அவன் கட்டிலோரம் இப்படியே குனிந்து உட்கார்ந்திருக்கிறான்! மணிச்சத்தத்துக்கு அடியில் அந்த விசில் சத்தம் அவளுக்குக் கேட்டது. மரமுகத்தைக் கழற்றினால் மூச்சு வரும். ஆனால் பெண்கள் பார்க்க அதைக் கழற்ற அவன் செத்தாலும் சம்மதிக்க மாட்டான், பாவி.

"அனா..." பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எகோண்டு அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"வாயத் தொறந்த, தொலைஞ்ச. என் நாத்தனார மறந்துட்டியா?"

பாட்டன் ஒரு முழங்காலில் சரிந்தார். உலோமா கையை உதறினாள். தலையில் கட்டியிருந்த பச்சைத் துணியை அவிழ்த்தாள், இன்ஹேலரை அதற்குள் சுருட்டி முடிச்சுப் போட்டாள். பெண்கள் தாண்டக் கூடாத எல்லை வரை போய் மண்டியிட்டாள்.

"பாட்டா! நேத்து கனவுல வந்து காணிக்கை கேட்டீங்களே! கொண்டாந்திருக்கேன், வாங்கிக்கோங்க!"

ஆவிக்குக் காவலாகப் பிரம்போடு நின்ற இலோகா பாய்ந்து வந்தான். அனாயோவின் சித்தப்பா மகன்.

"பொம்பளைக்கு இங்க என்ன வேலை? பின்னாடி போ!"

"வாங்கிக்கோ தம்பி. உன் கால்ல விழுறேன்."

பிரம்பு அவள் முதுகில் இறங்கியது. அவள் நகரவில்லை. துணி முடிச்சை அவன் கையில் திணித்தாள். அவன் விரல்கள் அதை அழுத்திப் பார்த்தன. அது என்னவென்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பாட்டனுக்குத் தாகம்! தோப்புக்கு வழி விடுங்க!" என்று கத்தினான். காவல்காரர்கள் துணிகளை விரித்துச் சுற்றிலும் மறைத்துக்கொண்டார்கள். மலைப்பாட்டனைத் தாங்கிக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார்கள். அந்தத் தோப்புக்குள் பெண் கால் வைக்க முடியாது.

உலோமா காத்திருந்தாள். குழல் நிற்கவே இல்லை.

வெகுநேரம் கழித்து மலைப்பாட்டன் திரும்ப வந்தார். ஊரே எழுந்து கூத்தாடியது. உலோமாவும் எழுந்தாள், ஒரு நொடி அவள் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு கால்களைப் பார்த்தாள். இடது கால் இழுபடவில்லை. உள்ளே ஆடுவது வேறு யாரோ. ஆவிக்கு என்ன, அது சாகாது. ஒருவன் விழுந்தால் இன்னொருவன் போட்டுக்கொள்வான். விழுந்தவன் என்ன ஆனான்?

"கைதட்டுடி, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் எகோண்டு. பிறகு வேண்டுமென்றே சத்தமாக, "உன் வீட்டுக்காரர் எங்க, காணோம்?"

"ஓனிச்சா போயிருக்காரு," என்றாள் உலோமா. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே கைதட்டினாள்.

வீட்டுக்கு வந்து கிழங்கை அடுப்பில் போட்டாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிழங்கு கருகும் வாசனைகூட அவளுக்கு உறைக்கவில்லை. அழுதால் ஏன் அழுகிறாய் என்று கேட்பார்கள். அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் இலோகா வந்தான். கையில் ஒரு பை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணி, அண்ணன் ஓனிச்சாலயே தங்கிட்டாரு. பஸ்ல ஒரே புழுதியாம். மூச்சு முட்டிப்போச்சு. ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க."

உலோமா ஒரு அடி முன்னால் வந்தாள். "இப்ப...?"

"பஸ்ல ஒரு பொம்பள நேரத்துக்கு மருந்து குடுத்தாளாம்." அவன் தரையைப் பார்த்தான். "அவளுக்கு முதுகுல அடி வேற பட்டுச்சாம். அடிச்சவன் ரொம்ப வருத்தப்படுறான்."

"அவனச் சொல்லிக் குத்தமில்ல," என்றாள். ஆனாலும் அவளால் நம்ப முடியவில்லை. செத்துப்போனவனைப் பற்றியும் இதே குரலில்தான் இந்த ஆண்கள் பொய் சொல்வார்கள். முதலில் ஆஸ்பத்திரி என்பார்கள், காலையில் ஆள் அனுப்புவார்கள்.

"நாளைக்குப் பெரியவங்க வருவாங்க அண்ணி. அந்தக் கனவப் பத்தி உங்களக் கேப்பாங்க. யோசிச்சு வைங்க." குரலில் மிரட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. பையை அவளிடம் நீட்டினான். "அண்ணன் இத வாங்கிக் குடுக்கச் சொன்னாரு. பேச முடியாம பேசி, ரெண்டு தடவ சொன்னாரு."

பையைத் திறந்தாள். மடித்து வைத்த பச்சைத் துணிக்கு அடியில் ஒரு ரொட்டி இருந்தது. இனிப்பு ரொட்டி. வெட்டாமல் முழுசாக.

காலையில் அவள் அதை அவனிடம் மட்டும்தான் கேட்டிருந்தாள். ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

"பெரியவங்க கேட்டா என்ன சொல்வீங்க, அண்ணி?"

உலோமா மூக்கைத் துடைத்துக்கொண்டு ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்தாள்.

"என் புருஷன் ரொட்டி வாங்க ஓனிச்சா போனாரு. வாங்கி அனுப்பிட்டாரு. வேற என்ன தெரியும் எனக்கு? இந்தா, நீயும் ஒரு துண்டு சாப்பிடு."