துறையடிப் பரிசோதனை

எனக்கு நீந்தத் தெரியாது. இண்டைக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. மயிலிட்டித் துறையடியிலை அவ்வளவு பேருக்கு முன்னாலை கல்லு மாதிரித் தாண்டு போனவனுக்கு இனியென்ன வெக்கம்? ஆனா அதுக்கு முந்தி, மாலுமிப் படிப்புக்குப் போன நாளிலையிருந்து, இந்த ஒரு வசனம் தொண்டையிலை மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டு கிடந்தது.

நான் அருட்செல்வன். அப்பா மயிலிட்டிக் கடற்றொழிலாளி. இடம்பெயர்ந்து மல்லாகத்து முகாமுக்கு வந்த பிறகு வலையை விட்டுப்போட்டு மேசன் வேலைக்குப் போனவர். நான் பிறந்து வளர்ந்தது முகாமிலை. சுத்திவர வெங்காயத் தோட்டம். கடற்கரை கம்பிவேலிக்கு அங்காலை, ஆமியிட்டை இருந்தது. அதைத் திறந்து விடேக்கை எனக்கு மீசை அரும்பீட்டுது. அந்த வயசிலை போய் ஆரிட்டை 'நீந்தப் பழக்கு' எண்டு கேக்கிறது? மயிலிட்டியானுக்கு நீந்தத் தெரியாதெண்டால் நாயும் சிரிக்கும்!

பேந்து அப்பா கட்டடத்திலையிருந்து விழுந்து நாரி முறிஞ்சு படுக்கையிலை கிடக்க, வீட்டிலை உழைக்கிறதெண்டால் நான்தான் எண்டாச்சு. காங்கேசன்துறையிலை கொலின்ஸ் சேர் நடத்திற மாலுமிப் பயிற்சி நிலையத்திலை சேர்ந்தன். சேர் குருநகர் ஆள். வெளிநாட்டுக் கப்பலுகளிலை கனகாலம் வேலை செய்து, சேர்த்த காசை முழுக்க அந்த நிலையத்திலை கொட்டினவர். படிப்பிச்சாரெண்டால் அது படிப்பிப்பு. ஒரே குறை, எங்கடை பாடநெறிக்கு அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் இல்லாத சேட்டிபிக்கற்றிலை கச்சான்கடலைதான் சுத்தலாம். ஒரு கப்பல் கொம்பனியும் திரும்பிப் பாராது. அங்கீகாரம் மட்டும் இந்த மாசத்துக்குள்ளை வந்தால் எங்கள் எல்லாரையும் எடுக்கிறதெண்டு கொழும்பு ஏஜென்சி ஒண்டு சொல்லியிருந்தது. வராட்டி வேறை ஆக்களைப் பாக்குமாம்.

முதல் நாள் வகுப்பிலை சேர், "நீந்தத் தெரியாதவை ஆரும் இருக்கிறியளோ?" எண்டு கேட்டுப்போட்டுத் தானே விழுந்து விழுந்து சிரிச்சார். "கடற்கரைப் பெடியளிட்டை இதையும் கேக்கவேண்டிக் கிடக்கு, பார்!" வகுப்பே சிரிச்சது. நானும் சிரிச்சன். சிரிச்ச கையோடை நீச்சல் பாடத்திலை எல்லாரும் பாஸ், சித்தி எண்டு போட்டாச்சு. கவிழ்ந்த மிதவைப் படகை நிமிர்த்திப் பழகினதும் நிலையத்து முற்றத்து மணலிலைதான்.

பேந்துதான் செய்தி வந்தது. அங்கீகாரத்துக்காகக் கொழும்பிலையிருந்து பரிசோதகர் வாறார். தானே ஆளைத் தெரிஞ்செடுத்துக் கடலிலை குதிக்கச் சொல்லுவார். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மிதந்து காட்டவேணும்.

"இதெல்லாம் எங்களுக்கு ஒரு விளையாட்டு" எண்டார் சேர். பெடியள் எல்லாரும் "ஓம் சேர், ஓம் சேர்" எண்டாங்கள். அதிலை என்ரை சத்தமும் இருந்தது.

பின்னேரங்களிலை களவாய்க் கீரிமலைக் கேணிக்குப் போனன். நெஞ்சுமட்டத் தண்ணியிலை படிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு காலை அடிச்சன். மதிலிலையிருந்து வாண்டுகள் தலைகீழாய்ப் பாயுதுகள். ஒண்டு என்ரை தலைக்கு மேலாலை பாய்ஞ்சுபோட்டு, "அண்ணை, குளிக்கிறதெண்டால் அங்காலை நிண்டு குளியுங்கோ" எண்டுது. அறுவான்! அவனை அடிக்கோணும் போல கிடந்தது. கையை விட்டால் நான் தாழுவனெண்ட பயத்திலை படியை இன்னும் இறுக்கிப் பிடிச்சன்.

பரிசோதனைக்கு முதல்நாள் அம்மா எனக்குப் புட்டுப் போட்டுக்கொண்டு மெல்லமாய்க் கேட்டா. "மோனை, உனக்கு நீந்தத் தெரியாதெல்லோ?"

"கப்பல்லை போறவன் நீந்தியே போறான்? சும்மா இரணை."

"சேரிட்டைச் சொல்லிப்போடன்ரா."

"சொன்னால் அவர் சித்தி போட்டது பொய்யெண்டு வரும். அங்கீகாரம் கிடைக்காது. என்னாலை எல்லாற்றை வாயிலையும் மண் விழவேணுமோ?"

அறைக்குள்ளையிருந்து அப்பா, "அங்கை என்ன கதை?" எண்டு கேட்டார். "ஒண்டுமில்லையப்பா" எண்டு ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை சொன்னம்.

அடுத்தநாள் காலமை துறையடியிலை சேர் வெள்ளைச் சேட்டும் மினுக்கின சப்பாத்துமாய் நிண்டார். பரிசோதகர் மோசமான ஆளில்லை. கொழும்புத் தமிழிலை வாங்க, போங்க எண்டு மரியாதையாய்த்தான் கதைச்சார். முதல்லை குருநகர்ப் பிரகாஸைக் காட்டினார். என்ரை கூட்டாளி அவன். குதிச்சு, தண்ணியிலை மல்லாந்து படுத்து, எங்களைப் பாத்துக் கண்ணும் அடிச்சான். சேரின்ரை முகத்தைப் பாக்கவேணுமே, மணவறையிலை இருக்கிற மாப்பிளை கெட்டான்! நான் உயரமான ஒருத்தனுக்குப் பின்னாலை பதுங்கி நிண்டன். பதுங்கினதுதான் பிழை.

"பின்னால இருக்கிற தம்பி, நீங்க வாங்க."

லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிப்போட்டு ரெண்டு கையையும் நெஞ்சோடை கட்டிக்கொண்டு நிண்டன். சேர் கிட்ட வந்து, "குளிரே?" எண்டு கேட்டார். அந்த இடத்திலை சொல்லியிருக்கலாம். கடவுளே, வாய்வரைக்கும் வந்தது. ஆனா பிரகாஸ் ஈரத்தோடை சிரிச்சுக்கொண்டு நிக்கிறான், சேர் நம்பிக்கொண்டு நிக்கிறார், வீட்டிலை அப்பா கிடக்கிறார். "ஓம் சேர், குளிர்தான்" எண்டன்.

குதிச்சன்.

மேலை வருவன் எண்டுதான் நினைச்சன். எல்லாரும் வருகினம்தானே. நான் வரேல்லை. உப்பு மூக்குக்குள்ளை ஏறி மண்டைக்குள்ளை எரிஞ்சுது. ஒருக்கால் மேலை வந்தன். ஆரோ காத்து வளையத்தை எறிஞ்சது தெரிஞ்சுது, அதைப் பிடிக்கவேணுமெண்டு புத்தி சொல்லுது, கை கேக்கேல்லை. திரும்பவும் கீழை போனன். 'அம்மா' எண்டு கத்தினனான். வாய்க்குள்ளை தண்ணிதான் போச்சு. சாகப்போறன் எண்டு விளங்கிச்சுது. அங்கீகாரமாவது மயிராவது, ஒருக்கால் மூச்சு விட்டால் காணும்.

சேட்டுக் கொலரிலை ஒரு கை கொழுவிச்சுது. கொலின்ஸ் சேர். சப்பாத்தும் மணிக்கூடும் போட்டபடி பாய்ஞ்சிருக்கிறார்.

சீமெந்திலை போட்டு முதுகிலை குத்தினாங்கள். சத்தியெடுத்தன். கண்ணைத் திறக்க, பிரகாஸ் என்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டு, "விசரா, விசரா, என்னட்டையாவது சொல்லியிருக்கலாமேடா" எண்டு அழுகிறான்.

"ஐயா, இவன் ஒருத்தன்தான்" எண்டு சேர் பரிசோதகரைக் கையெடுத்துக் கும்பிட்டார். உடம்பெல்லாம் தண்ணி வழியுது. "என்ரை பிழை. நான் சரியாய்ப் பாக்கேல்லை. மற்றவங்களுக்கு வடிவாய்த் தெரியும். ஆரை வேணுமெண்டாலும் குதிக்கச் சொல்லுங்கோ."

பரிசோதகர் கையிலை வைச்சிருந்த பைலை மூடினார். "இன்னொருத்தரைக் குதிக்கச் சொல்ல என்னால முடியாதுங்க" எண்டு எங்கடை பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொல்லுங்க தம்பி. நீந்தத் தெரியாதவங்க கையைத் தூக்குங்க."

முதல்லை அந்த உயரமானவன் தூக்கினான். அவனுக்குப் பக்கத்திலை இன்னொருத்தன். பேந்து ஒண்டொண்டாய்க் கையள். கடைசியிலை பிரகாஸின்ரை கை மட்டும்தான் கீழை கிடந்தது. அட பாவியளே! நான் ஒருத்தன்தான் எண்டு நினைச்சு எத்தினை நாள் நித்திரையில்லாமல் கிடந்தனான்!

சேர் வரிசையிலை முதல் நிண்டவனுக்கு முன்னாலை போய் நிண்டார். ஏசுவார், அடிப்பார் எண்டு பாத்தால், "நீ எந்த ஊர்?" எண்டு கேட்டார்.

"ஊறணி, சேர்."

"நீ?"

"தையிட்டி."

"வளர்ந்தது?"

"முகாமிலை, சேர்."

ரெண்டும் மயிலிட்டி மாதிரிக் கம்பிவேலிக்கு அங்காலை கிடந்த ஊருகள். மூண்டாவது ஆளிட்டைக் கேக்க வாயெடுத்தவர் கேக்கேல்லை. அப்பிடியே சீமெந்திலை குந்திப்போட்டார். குனிஞ்சு ஈரச் சப்பாத்தைக் கழட்டத் தொடங்கினார். கயிறு அவிழேல்லை.

அங்கீகாரம் இல்லை. அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பிக்கலாமெண்டு பரிசோதகர் சொல்லிப்போட்டுப் போனார். ஏஜென்சி அதுவரைக்கும் எங்களுக்காக இருக்குமே? கனவிலையும் இராது. பிரகாஸுக்கும் சேர்த்துத்தான் போச்சு.

வீட்டை வந்து அம்மாவின்ரை முகத்தைப் பாக்கேலாமல் நேரை அறைக்குள்ளை போனன். தலைமயிர் இன்னும் காயேல்லை. அப்பா என்னை மேலையும் கீழையும் பாத்தார். நடந்ததை முழுக்கச் சொன்னன். ஒண்டையும் மறைக்கேல்லை. கேட்டுக்கொண்டு கிடந்தவர், "பிழை என்னிலைதான் தம்பி" எண்டார். "நான் உனக்கு நீந்தப் பழக்கியிருக்கவேணும்."

அந்தாள் அழுதுபோடும் போல கிடந்தது. எனக்கு எங்கையிருந்து அவ்வளவு கோவம் வந்துதெண்டு தெரியாது.

"எங்கை வைச்சுப் பழக்கியிருப்பியள்?" எண்டு கத்தினன். "சொல்லுங்கோவன் அப்பா, எந்தக் கடலிலை?"

அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார்.