நான்கு துரைக்கண்ணுகளும் ஒரு தோளும்

1994ஆம் ஆண்டு ஆவணி இருபதாம் தேதி காலை பதினொன்றரை மணிக்கு, நத்தமங்கலத்தில் பம்புசெட் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்த துரைக்கண்ணுவின் தோளில் ஒரு பொன்னாடை வந்து விழுந்தது. பச்சை நிறம், இரண்டு விரல் அகலத்துக்கு ஜரிகைக் கரை. விழுந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. யாரோ இரண்டு கைகளால் விரித்துப் போர்த்தியது போல இரு பக்கமும் சமமாகத் தொங்கியது. அண்ணாந்து பார்த்தார். தென்னை மட்டைகளும் ஒரு காக்கையும் இருந்தன. மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு உழுது, பிறத்தியார் வீட்டு விசேஷங்களில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டு எழுந்து வந்த அந்த நாற்பத்தாறு வயது மனிதருக்கு அதுவரை யாரும் ஒரு கைத்துண்டுகூடப் போர்த்தியதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி மங்களாம்பிகையிடம் காட்டினார். "எந்த வீட்டுக் கொடியிலேருந்து பறந்து வந்துச்சோ, யாராச்சும் கேட்டு வந்தாக் குடுத்துடலாம்" என்று அவள் மடித்து வைத்தாள். யாரும் கேட்டு வரவில்லை.

மூன்றாம் நாள் மீரா சாகிப் டீக்கடையில் துரைக்கண்ணுவுக்கு விவரம் தெரிந்துவிட்டது. மீரா சாகிப் ஆறு வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்து பஸ் நிறுத்தத்தில் கடை போட்டவர். ஊரில் பேப்பர் வருகிற ஒரே இடம் அதுதான். ஐந்தாம் பக்கத்தில் ஒரு படம். நல்லாசிரியர் விருது வாங்கிய மயிலாடுதுறைத் தலைமையாசிரியர் மேடையில் தலை குனிந்து நிற்கிறார். போர்த்த வந்த அதிகாரி வெறும் கைகளை விரித்தபடி நிற்கிறார். பச்சைப் பொன்னாடை போர்த்திய மறுகணமே காணாமல் போனதாகவும், அப்போது மணி பதினொன்றரை என்றும் கீழே போட்டிருந்தது. ஆசிரியர் பெயர் துரைக்கண்ணு. நம் துரைக்கண்ணு அந்தத் தாளை மட்டும் உருவி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"என்ன மாமா, பேப்பர எங்க கொண்டு போறீங்க?" என்றார் மீரா சாகிப்.

"புண்ணாக்கு மூட்டை கிழிஞ்சு கெடக்கு மாப்ள, ஒட்டணும்."

அப்போது எதிரே மயிலாடுதுறை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அதில் ஏறியிருந்தால் இந்தக் கதை இத்துடன் முடிந்திருக்கும். அறுப்பு முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார்.

அந்நாளில் காவிரிப் படுகையில் பேர்பெற்ற துரைக்கண்ணுகள் மூன்று பேர் இருந்தார்கள். பேராவூரணியில் தேங்காய் மண்டி வைத்து லாரி லாரியாக வடக்கே அனுப்பியவர் ஒருவர், சுவாமிமலையில் விக்கிரகம் வார்த்து வெளிநாட்டுக் கோயில்களுக்குக் கப்பலேற்றியவர் ஒருவர், மூன்றாமவர் தலைமையாசிரியர். மூவருக்கும் எங்கே எதைப் போர்த்தினாலும் அது நத்தமங்கலத்தில் நான்காமவர் தோளுக்கு வந்துவிடும். மண்டிக்காரர் தனக்குச் சந்தன மாலையே போதும் என்றுவிட்டார். விக்கிரகக்காரர், "சாமிக்குச் சாத்துனா நிக்குதுல்ல, அது போதும்" என்று சிரித்தார். தலைமையாசிரியருக்குத்தான் அப்படிச் சிரிக்கத் தெரியவில்லை.

நாடு கதவைத் திறந்துவிட்டிருந்த காலம் அது. சூரத்திலிருந்து நைலான் பொன்னாடைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. சரக்கு மலிந்ததும் மரியாதையும் மலிந்து, ஊருக்கு ஊர் பாராட்டு விழா நடந்தது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்கள், படித்த பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கி மாட்டிவிட்டுப் பழைய வாத்தியாருக்கு ஒன்று போர்த்திவிட்டுப் போனார்கள். மாதத்துக்கு ஒன்றாவது விழுந்தது. சைக்கிளில் போகும்போது விழுந்தது, வாழைக்கு மண் அணைக்கும்போது விழுந்தது, ஒருமுறை சவரக்கடை நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தபோதும் விழுந்தது. ஊர் முதலில் வாயைப் பிளந்தது, பிறகு எழுந்து நின்றது. மேலே இருக்கிறவனுக்குத் தெரிந்த அருமை நமக்குத் தெரியாமல் போயிற்றே என்று பேசிக்கொண்டார்கள். டீக்கடை பெஞ்சில் இடம் விட்டார்கள், பள்ளி ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள், நிலத்துக்காரர் கேளாமலே குத்தகையை நீட்டித்தார். 'வா' என்றவர்கள் 'வாங்க' என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்கு மனிதன் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறான்!

2000ஆம் ஆண்டு தை மாதம், துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்த மகன் சதீஷுக்குச் சம்பந்தம் பேசப் பாபநாசத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். அன்றைக்கென்று மங்களாம்பிகை அந்த முதல் பச்சைப் பொன்னாடையை ரவிக்கையாகத் தைத்துப் போட்டிருந்தாள். மற்றவை கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தன. பெண்ணின் அப்பா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் காபியை ஆற்றினார்.

"ஒரே பேரு, பாருங்க. எங்க பெரியவனுக்கு மயிலாடுதுறைல ஒரு ஹெட்மாஸ்டர் வீட்ல பேசுனோம். அவரும் துரைக்கண்ணுதான். பொண்ணு பேரு ஜெயபாரதி, தங்கமான பொண்ணு. ஆனா அந்த மனுசன் மேல எதப் போத்துனாலும் நிக்கலைங்க. மரியாதை தங்காத வீட்ல எப்படிப் பொண்ணு எடுக்கறதுன்னு விட்டுட்டோம். இங்க பாருங்க, எப்படித் தங்குது!"

துரைக்கண்ணுவுக்கு வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் சதீஷின் கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். உள்கட்டு வாசல்நிலையில் நின்ற மங்களாம்பிகை அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். "இன்னொரு காபி சாப்புடுறீங்களா?" என்று கேட்டார். தன் வாழ்நாளில் பேசியதிலேயே கேவலமான பேச்சு அதுதான் என்று பிற்பாடு அவரே சொன்னதுண்டு. விருந்தாளிகள் போனதும், அலமாரியைத் திறந்து மயிலாடுதுறைக்கு உரியவற்றைத் தனியே எடுத்துத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். எந்தத் தேதியில் விழுந்தது எவருடையது என்று பேப்பர் பார்த்துப் பார்த்து அவருக்கு எல்லாமே மனப்பாடம். கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. அதன் பிறகு விழுந்த ஒவ்வொன்றுக்கும் அவருக்கு உடம்பு கூசியது. ஆனாலும் பஸ் ஏறவில்லை.

2007 ஆடியில், குறுவை நடவின்போது, வரப்பில் நின்றிருந்த அவர் தோளில் ஒரு புது வெள்ளை வேட்டி விழுந்தது. ஜரிகை இல்லை, முனையில் மஞ்சள் தடவி, சாம்பிராணி வாசனையோடு இருந்தது. நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அது கோடி, இறந்தவர் மேல் உறவுக்காரர்கள் போர்த்துகிற புதுத்துணி. அவர் அதை எடுப்பதற்குள் இரண்டாவது விழுந்தது, பிறகு மூன்றாவது. கோடி போர்த்தாமல் யாரும் பிணத்தை எடுக்கமாட்டார்கள். எங்கோ ஒரு துரைக்கண்ணு எடுக்க முடியாமல் கிடக்கிறார். அவர் மீரா சாகிப் கடைக்கு ஓடிப் பேராவூரணிக்கும் சுவாமிமலைக்கும் போன் போட்டார். இருவரும் உயிரோடிருந்தார்கள், ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம் துரைக்கண்ணு தன் வீட்டுக்குப் போய்த் தகரப் பெட்டியைத் தூக்கினார். நடவிலிருந்து சேற்றுக் காலோடு மங்களாம்பிகை பின்னாலேயே வந்தாள்.

"நானும் வர்றேன். நீங்க மட்டுமா அனுபவிச்சீங்க?"

மயிலாடுதுறைத் தெருவில் பறை ஓய்ந்துபோய்க் கிடந்தது. கூடத்து பெஞ்சில் தலைமையாசிரியர் முரட்டுக் கதர்ச் சட்டையோடு படுத்திருந்தார். மாலைகள் தங்கியிருந்தன; துணிதான் ஒன்றும் தங்கவில்லை. கொண்டுவந்த கோடிகள் தீர்ந்துபோய், மைத்துனர் ஜவுளிக்கடைக்கு ஆள் அனுப்பியிருந்தார். தலைமாட்டில் ஜெயபாரதி நின்றாள். முப்பத்தொரு வயது, பக்கத்துப் பள்ளியில் டீச்சர், தனி ஆள். வாசலில் பெட்டியோடும், வழியில் விழுந்ததும் சேர்ந்து ஏழாகிவிட்ட கோடி வேட்டிகளைத் தோளில் சுமந்தும் நின்றவரை அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"எந்த ஊருங்க?"

"நத்தமங்கலம்மா."

"பேரு?"

அவர் சொன்னார்.

"எத்தனை வருசமாத் தெரியும்?"

"பதிமூணு வருசமா."

"ஒவ்வொரு விழாவுக்கும் அப்பா ரெண்டு தடவ தோளத் தேச்சுக் குளிப்பாருங்க. எண்ணெப் பிசுக்குல வழுக்குதோன்னு சந்தேகம். அப்புறம், சொரசொரன்னு இருந்தாப் பிடிக்கும்னு கதருக்கு மாறுனாரு. கடைசி வரைக்கும் தன்கிட்ட என்ன குத்தம்னு தேடிக்கிட்டே இருந்தாரு." அவள் அழவில்லை. "போத்துங்க. வெயில் எறங்குது."

துரைக்கண்ணு தன் தோளிலிருந்ததை எடுத்துத் தன் கையால் போர்த்தினார். அது தங்கியது. ஏழும் தங்கின. பிறகு பெட்டியைத் திறந்து, கடைசியாக விழுந்ததில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போர்த்தினார். மஞ்சள், அரக்கு, நீலம், எதுவும் நழுவவில்லை. பெட்டி காலியானதும் கை நின்றது. முதலாவது அதில் இல்லை. மங்களாம்பிகை உள்ளறைக்குப் போனாள். நிறம் வெளுத்து, ஜரிகை கறுத்து, நடவுக்குப் போடுகிற பழந்துணியாகிவிட்ட அந்த ரவிக்கையைத்தான் அவள் அப்போதும் போட்டிருந்தாள். வெளியே வந்தபோது சேலைத் தலைப்பைக் கழுத்துவரை இழுத்துச் சுற்றியிருந்தாள்; ரவிக்கை அவள் கையில் மடித்திருந்தது. அத்தனை பேர் பார்க்க அதை வாங்கித் துரைக்கண்ணு தலைமையாசிரியரின் நெஞ்சின்மேல் வைத்தார். பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது அவருக்கு. ஜெயபாரதி உள்ளே போய்த் தன்னுடைய ரவிக்கை ஒன்றை எடுத்துவந்து மங்களாம்பிகையிடம் கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதை அவரால் தாங்க முடியவில்லை.

அதன்பின் துரைக்கண்ணு தோளில் துண்டு போடுவதில்லை. சம்பந்தியிடமும் டீக்கடையிலும் நடந்ததைத் தானே சொன்னார். பெஞ்சில் இடம் விடுவது நின்றது, 'வாங்க' மட்டும் பழக்கத்தில் தங்கிவிட்டது. பேராவூரணி, சுவாமிமலை விழாக்களுக்கு இப்போது அவருக்கும் அழைப்பு வருகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், தன் தோளில் விழுந்ததும் மேடையேறி உரியவருக்குப் போர்த்திவிட்டு இறங்கிவிடுவார். அழைப்பிதழிலேயே 'பொன்னாடை போர்த்துபவர்: நத்தமங்கலம் துரைக்கண்ணு' என்று அச்சடித்துவிடுகிறார்கள். நேரம் மிச்சம் என்று விழாக்காரர்களுக்குத் திருப்தி.

ஆண்டுதோறும் ஆவணி இருபதாம் தேதி காலை பதினொன்றரை மணிக்கு, ஜெயபாரதி தன் அப்பாவின் படத்துக்கு ஒரு பச்சைப் பொன்னாடை போர்த்துகிறாள். எங்கே போகும் என்று தெரிந்துதான் போர்த்துகிறாள். நத்தமங்கலத்தில் அது விழுந்ததும் துரைக்கண்ணு மடித்து எடுத்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறுகிறார். "இன்னைக்கு யாருக்குங்க, மண்டியா, செலையா, வாத்தியாரா?" என்று கேட்டபடி கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கிறார். மயிலாடுதுறையில் அவர் அந்தப் படத்துக்குப் போர்த்தி முடிக்கும்வரை ஜெயபாரதி பக்கத்திலேயே நிற்கிறாள். பிறகு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கிறாள். இதுவரை ஒருமுறையும் உட்காரச் சொன்னதில்லை. அவரும் நின்றபடியே குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்புகிறார்.