சின்னாத்தா கேட்ட கேள்வி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பஸ் பறந்துகொண்டிருந்தது. பட்டணத்துக்காரர்கள் அப்போதும் தரையில் டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்றால் அதற்கு இந்தப் பக்கத்து ஆட்கள் என்ன செய்ய முடியும்? பறந்தாலும் பஸ் நேரத்துக்கு வராது. வேலிக்கருவைக்கு மேலே வந்து நிற்கும்; ஏணியில் பாதி ஏறும்போதே கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். கோழிக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்ற சண்டை தரையில் நடந்த மாதிரியே ஆகாயத்திலும் நடந்தது.

மழையும் லோடு லோடாகத்தான் வந்தது. கடல் பக்கம் போய் மேகத்தைக் கயிறு போட்டு இழுத்துவந்து, யார் புஞ்சைக்கு முறையோ அவர் புஞ்சைக்கு மேலே நிறுத்தி இறக்குவார்கள். கருத்தப்பாண்டிக்கு அந்த வேலைதான். கோடையிலும் ஈர வேட்டியோடு வீடு திரும்புகிற புருஷன் அந்த வட்டாரத்தில் தனக்குத்தான் வாய்த்திருக்கிறான் என்று அவர் மனைவி வெள்ளைத்தாய்க்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அவர்கள் வீட்டில் சமைத்தது ஒரு யந்திரம். பீரோ உயரம், இரண்டு கை, காலுக்குப் பதில் சக்கரம். பிள்ளைகள் அதைச் சின்னாத்தா என்று கூப்பிட்டுப் பழக, பெரியவர்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. கம்பஞ்சோற்றிலோ கருவாட்டுக் குழம்பிலோ குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு கோளாறு, வீட்டுக்குள் பசித்த வயிறு எது நுழைந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். தட்டை நீட்டாமல் விடாது.

இந்தக் கோளாறால்தான் மகள் சந்தனத்துக்கு வந்த முதல் சம்பந்தம் முறிந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் பேச்சு முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். மாசி மாதம் குமாரலிங்கபுரத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்ததுமே, சின்னாத்தா மாப்பிள்ளையின் தகப்பனார் மடியில் தட்டை வைத்துவிட்டது. மனிதர் பசியில் பிசைந்து தின்ன ஆரம்பித்து, பாதியில் ஞாபகம் வந்து, சோற்றைப் போட்டு மடக்கப் பார்க்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அது போனதில் வெள்ளைத்தாய்க்கு வருத்தமில்லை. அடுத்து வந்த திருச்சுழி மாப்பிள்ளை ஐயாத்துரை அப்படியில்லை. சாயங்காலமானால் சந்தனம், வெளியூர் ஆட்களோடு பேசுவதற்கென்று வீட்டில் இருந்த பேசுகிற சுவருக்கு முன்னால் போய் நின்று, திருச்சுழியில் தூறலா பெருமழையா என்று அவனைக் கேட்பாள். மேகத்தை இழுத்துவருகிறவர் அவள் அப்பாவே. அவரைக் கேட்டால் தெரியாதா? வெள்ளைத்தாய் எதையும் கவனிக்காதவள் மாதிரி பருத்தி பிரித்துக்கொண்டிருப்பாள். இந்தச் சம்பந்தம் கைகூட வேண்டும் என்று வேண்டாத சாமியில்லை.

இடைஞ்சல் ஐயாத்துரையின் தகப்பனார் செல்லப்பாண்டிதான். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் பதில் சொல்ல மாட்டார். ஏற்கெனவே ஒருமுறை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று முகத்தில் தெரிய உட்கார்ந்திருந்துவிட்டு, "ஊருக்குப் போயிச் சொல்லி விடுதோம்" என்று பஸ் ஏறினார். சேதி வரவில்லை. பெண் வீட்டார் வாயைத் திறந்து கேட்கக் கூடாது. கேட்டால் பெண்ணைத் தள்ளிவிட அலைகிறார்கள் என்று பேச்சாகிவிடும். இப்போது மனைவி கருத்தம்மாளையும் கூட்டிக்கொண்டு மறுபடி வருகிறார். இன்றும் தட்டிக்கழித்தால் அடுத்த வாரம் வேறு ஊரில் பெண் பார்க்கப் போகிறார் என்று சந்தனமே சுவரில் கேட்டுச் சொல்லியிருந்தாள்.

வெள்ளைத்தாய் காலையிலேயே சின்னாத்தாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள். சம்பந்தம் பேசி முடிக்கிறவரைக்கும் வருகிறவர்களுக்குச் சோறு போடக் கூடாது. முடிந்ததும் இலை போடலாம். சின்னாத்தா சரி என்றது.

வந்தார்கள். மேகத்தைப் பற்றிப் பேசினார்கள். பருத்தி பறிக்கும் யந்திரம் பூவோடு சேர்த்துப் பறித்துவிடுகிறது என்று பேசினார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. உள்ளே குழம்பு கொதித்து வாசனை கூடத்துக்கு வந்தது. செல்லப்பாண்டியின் வயிறு லேசாகக் கூப்பிட்டது.

சின்னாத்தா உருண்டு வந்து அவர் முன்னால் நின்றது.

"அண்ணாச்சி, சம்பந்தம் பேசி முடிச்சாச்சா?"

கருத்தப்பாண்டி ஈர வேட்டியைப் பிழிகிற சாக்கில் வாசலுக்குப் போனார். செல்லப்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கம்போல ஊருக்குப் போய்ச் சொல்லி விடுவதாகச் சொன்னார்.

"ஊருல போயி யாரைக் கேப்பீக?" என்றது சின்னாத்தா.

ஒரு ஆளும் அவரிடம் இதுவரை கேட்டிராத கேள்வி. அவர் யோசித்துப் பார்த்தார். ஊரில் கேட்க யாருமில்லை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பெண்டாட்டி பக்கத்தில் இருக்கிறாள், மகனோ எப்போதோ சரி சொல்லிவிட்டான்.

இரண்டாவது சம்பந்தமும் இதால்தான் போகப் போகிறது என்று நினைத்து, வெள்ளைத்தாய் ஓடிவந்து சின்னாத்தாவின் முதுகில் இருந்த சுவிட்சைத் தேடினாள். அவள் கையைக் கருத்தம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க மதினி. இவுகளைக் கட்டுன நாள்லருந்து நானும் இதைத்தான் கேக்கணும்னு இருக்கேன். எனக்கு வாய் வரல."

"நல்ல காரியத்துல அவசரப்படக் கூடாதுல்ல" என்றார் செல்லப்பாண்டி.

"குழம்பு ஆறுது அண்ணாச்சி. உங்களுக்குப் பசிக்கிது. புள்ளையப் பிடிச்சிருக்கா, இல்லையா?"

"பிடிக்காம என்ன?"

"அப்ப முடிச்சாச்சா?"

"முடிச்சமாதிரிதான்னு வச்சுக்கயேன்."

"வச்சுக்கிட்டா இலை போட முடியாது."

செல்லப்பாண்டி மனைவியைப் பார்த்தார். அவள் விட்டத்தைப் பார்த்தாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டு, சட்டென்று நின்றது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"முடிச்சாச்சு தாயி. சந்தனம் எங்க வீட்டுப் புள்ள. இலையைப் போடு." பிறகு எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, "பசிக்காகச் சொல்லல" என்றார்.

யாரும் அப்படி நினைக்கவில்லை என்று கருத்தப்பாண்டி வாசலிலிருந்தே சொன்னார்.

சம்பந்தி இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கை நனைத்தார்கள். ஒருவழியாக வாயைத் திறந்துவிட்டதாலோ என்னவோ, செல்லப்பாண்டி கல்யாணத்தை ஆவணியிலேயே வைத்துவிடலாம் என்றார், பந்தலுக்கு மேலே மேகம் நிறுத்தி நிழல் போடலாம் என்றார், கருவாடு இன்னும் ரெண்டு துண்டு வேண்டும் என்றார். சின்னாத்தா அகப்பையோடு உருண்டு வந்தது. வெள்ளைத்தாய் அதை வழியிலேயே மறித்து, அகப்பையை வாங்கிக்கொண்டு, சம்பந்தியின் இலையில் தன் கையாலேயே குழம்பை ஊற்றினாள்.