அகத்திக்கீரை தின்ற ஆடுகள்

இரண்டு நாள் லீவு முடிந்து கொட்டகைக்குள் நுழைந்ததுமே மெஹ்ஜபீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடுகள் நான்கும் அகத்திக் கிளைகளைப் பட்டையோடு உரித்துத் தின்றுகொண்டிருந்தன. அவள் வடிவமைத்த பல் திருகு, தாடை எலும்பில் முடுக்கி மேலே செயற்கைப் பல் கட்டுகிற திருகு, அந்த ஆடுகளின் வாயில்தான் இருந்தது. சோதனை முடியும்வரை கஞ்சி தவிர வேறெதுவும் கூடாதென்பது முதலாளி உத்தரவு; அவளும் அதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"யாருங்க இதைப் போட்டது?"

ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் ராஜம்மாள் துடைப்பத்தோடு வந்து நின்றாள். "பௌர்ணமி இல்லீங்களா மேடம். கிரிவலம் போறவங்க வேலி வழியா நீட்டிக்கினே இருந்தாங்க. புண்ணியத்துக்குக் குடுக்கறத எப்படிங்க வேணாம்னு சொல்றது?"

"உங்க புண்ணியத்துல என் ரெண்டு வருஷ உழைப்பு நாசமாப் போச்சு!"

சத்தம் கேட்டு கம்பெனி முதலாளி செழியன் வந்தார். மெஹ்ஜபீன் ஒவ்வோர் ஆட்டின் வாயாகத் திறந்து பார்த்தாள். இடப்பக்கம் ஏற்கெனவே கடைகளில் விற்கும் பழைய திருகு. வலப்பக்கம் அவளுடையது. பழையது நான்கிலும் கல் மாதிரி நின்றது. அவளுடையது மூன்றில் விரல் பட்டதுமே அசைந்தது.

அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு திருகும் மென்றது ஒரே அகத்தியைத்தானே!

செழியனுக்குத் துளி வருத்தமில்லை. "விடுங்க மேடம். கண்டதைத் தின்னதுங்கள கணக்குலேர்ந்து எடுத்துடலாம். பக்கத்து ரூம் ஆடுங்களுக்கும் இதே திருகுதான், கஞ்சிதான குடிக்குது, அதுங்க போதும். அடுத்த மாசம் மனுஷங்களுக்குப் போட ஆரம்பிச்சிடலாம்."

"எலும்பு நல்லாப் பிடிச்ச பிறகும் கஞ்சியே குடுக்கச் சொன்னீங்களே, இதுக்குத்தானா சார்?" அவள் கத்தினாள். "மனுஷன் முறுக்கு கடிக்க மாட்டானா? கஞ்சி குடிக்கவா பல்லு கட்டிக்கிறான்?"

"கத்தாதீங்க. இது உங்க டிசைன். தோத்துப்போச்சுன்னு நீங்களே ஊருக்குச் சொல்லப் போறீங்களா?"

அது சுருக்கென்று தைத்தது. அந்தத் திருகில் தன் பெயர் வரும் என்று எத்தனை ராத்திரி கண்விழித்திருப்பாள். அவர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டால் இப்போதும் வரும். யாரோ ஒருவர் அதை வாயில் வைத்துக்கொண்டு நம்பிக் கடிப்பார். நினைக்க நினைக்க அவர்மேல் வந்த கோபம் தன்மேலேயே திரும்பியது.

ராஜம்மாள் மிச்சக் கிளைகளைக் குப்பைக்கு அள்ளிக்கொண்டிருந்தாள். மெஹ்ஜபீன் அவள் கையிலிருந்து அந்தக் கட்டைப் பிடுங்கினாள்.

"மேடம்! எங்க போறீங்க?" செழியன் குரல் உயர்ந்தது.

அவள் பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள். வாசனை பிடித்த ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு ஓடிவந்தன.

"ராஜம்மா, உங்களைத் திட்டினதுக்கு மன்னிச்சிக்கோங்க. இன்னையிலேர்ந்து எல்லாத்துக்கும் இதையே போடுங்க. தண்டோட போடுங்க."