நூலகர் கழற்றாத நான்கு போல்ட்டுகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு நண்பர் சொன்னார் என்பேன். எழுதுகிற ஒவ்வொருவனுக்கும், வெட்கக்கேடான சமாச்சாரங்களைச் சொல்வதற்கென்றே ஒரு நண்பர் இருப்பார். பாவம், அவருக்கு முகமும் கிடையாது, முகவரியும் கிடையாது.

கதை மிகச் சின்னது. ஒரு கணவர் தன் மனைவியிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்வாரா மாட்டாரா, அவ்வளவுதான். இதை முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிட்டால் பின்னால் நீங்கள் என்னைத் திட்ட முடியாது.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வாஷிங் மெஷின் வீட்டைவிட்டு வெளியேற முடிவுசெய்து' ... வேண்டாம். மெஷினுக்கு மனசு வைத்துவிட்டால் மனிதர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

'நவீன வாழ்வில் இயந்திரங்கள் மனித உறவுகளை' ... இது கட்டுரைப் போட்டி.

'நூலகர் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை.' இது இருக்கட்டும்.

(தட்டச்சு செய்பவரின் குறிப்பு: ஆசிரியர் கையால்தான் எழுதுவார். கோழி கிளறியது போல் இருக்கும். பதினைந்து வருடமாக அதைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பது அவர் மனைவியாகிய நான். உள்ளதை உள்ளபடி அடிப்பேன், ஒரு சொல்கூட மாற்றமாட்டேன். அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என்னுடையது.)

2

நூலகர் படிக்காத அந்தப் புத்தகம் வாஷிங் மெஷினோடு வந்தது. ஊருக்கெல்லாம் 'படியுங்கள், படியுங்கள்' என்று உபதேசம் செய்கிறவர், தன் வீடு தேடி வந்த இருபத்துநான்கு பக்கங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மாட்டித் தர ஆள் அனுப்புகிறோம் என்று கடையில் சொன்னார்கள்.

"இதுக்கு எதுக்கு ஆளு? ஒரு குழாய் உள்ள, ஒரு குழாய் வெளிய, ஒரு பிளக்கு," என்றார்.

அரை மணியில் மாட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நின்றார். மனைவிக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பெருமையைக் கெடுத்துக்கொள்ள மனம் வராமல்தான் பின்னால் அவருக்கு வாய் அடைத்துப்போயிற்று.

மெஷின் முதல் நாளே ஆடியது. தண்ணீர் பிழியும் கட்டம் வந்தால் பேய் பிடித்தது போல் உதறும். அலமாரியில் பாத்திரங்கள் கிடுகிடுக்கும். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை மாடியேறி வந்து கேட்டார். பிறகு ஏறுவது அலுத்துப்போய், துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிக்க ஆரம்பித்தார்.

நூலகர் ஆராய்ந்தார். கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தார், தரை மட்டமாகத்தான் இருந்தது. மெஷின் புதுசு. தான் மாட்டியதில் தவறு வர வழியே இல்லை. மிச்சம் இருந்தது மனைவி.

"நீ துணியைத் திணிக்கிற. அதான் ஆடுது."

"கொஞ்சமாத்தாங்க போட்டேன்."

"உனக்கு அது கொஞ்சம். மெஷினுக்கு?"

அவள் பாதியாகக் குறைத்தாள். ஆடியது. கால்வாசியாகக் குறைத்தாள். அப்போதும் ஆடியது. கடைசியில் மெத்தை விரிப்பு, போர்வை, ஜீன்ஸ் எல்லாவற்றையும் மெஷினுக்குப் பக்கத்திலேயே வாளி வைத்துக் கையால் துவைக்கத் தொடங்கினாள். பதினொரு மாதம் துவைத்தாள். வலது மணிக்கட்டு வீங்கி, பட்டை போட்டுக்கொண்டாள்.

* 'மணிக்கட்டு' என்று எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். இந்தத் தகவல் கதைக்குத் தேவையில்லாமல் இருக்கலாம்.

(என் மணிக்கட்டிலும் அதே பட்டைதான். கீழே அதே துடைப்பக் கட்டைதான். நண்பராம், நூலகராம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். அந்த உண்மை என்னவென்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மேலே அடிக்கிறேன்.)

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெஷின் ஆடி ஆடி மூன்றடி நகர்ந்து, தன் பிளக்கைத் தானே பிடுங்கிக்கொண்டு நின்றது. மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

இந்த மெக்கானிக்கை எழுதுவதுதான் எனக்குப் பெரிய தொல்லை. முதல் பிரதியில் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "வாழ்க்கையும் இந்த டிரம் மாதிரிதான் சார்" என்று ஆரம்பித்து ஏழு வரி பேசினார். அடித்துவிட்டேன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்ட மனுஷன் ஏழு வரி பேசமாட்டார். இப்போது இருப்பவர் முழங்காலை மடக்கி உட்காரும்போது "அம்மாடி" என்பார், மற்றபடி கேட்டதற்குப் பதில்.

அவர் பையைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"தப்பு என் மேலதாங்க. அளவு தெரியாம துணியைத் திணிச்சுத் திணிச்சுக் கெடுத்துட்டேன்."

நூலகர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். லேசாகத் தலையாட்டினார்.

மெக்கானிக் ஒரு பழைய துணி கேட்டார். அவள் எடுத்துவர உள்ளே போனாள். மெஷினைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தவர், நிமிர்ந்து நூலகரைப் பார்த்தார்.

"சார், இதை யாரு மாட்டினது?"

"ஏன்?"

"நாலு போல்ட்டும் அப்படியே இருக்கு. வண்டியில ஏத்திட்டு வரும்போது உள்ள டிரம் ஆடாம இருக்கப் போடுறது இது. வீட்டுக்கு வந்ததும் கழட்டிடணும். புக்குல முதல் பக்கத்திலயே படம் போட்டிருப்பானே."

டிரம்மைக் கட்டிப்போட்டுவிட்டு 'சுற்று, சுற்று' என்றால், அது மொத்த மெஷினையும் இழுத்துக்கொண்டுதான் சுற்றும். நூலகருக்கு அது அப்போதுதான் உறைத்தது. கூடவே வேறு சிலதும் உறைத்தது.

"கடை ஆளு மாட்டினான்," என்றார்.

"கடை ஆளு இதை மறக்கமாட்டானே சார். முதல்ல கழட்டுறதே இதைத்தான்."

நூலகர் உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட, மெஷினுக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லிடுங்களேன்."

"பதினோரு மாசத்திலயா?"

மெக்கானிக் நான்கையும் கழற்றி நூலகரின் உள்ளங்கையில் வைத்தார். ஒவ்வொன்றும் விரல் நீளம் இருந்தது. துணியோடு வந்தவளிடம், "சரியாயிடுச்சும்மா. இனிமே போர்வைகூடத் தாராளமா போடலாம்," என்றார்.

"என்னங்க கெட்டுப்போயிருந்துச்சு?"

"சார் சொல்வாரு," என்று பையை மூடினார்.

நூலகர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். "என்னமோ லூசா இருந்துச்சாம்," என்றார்.

* இறுகிக் கிடந்ததைப் போய் லூசு என்றார். பொய்யைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாதவர்.

(இங்கே தட்டச்சு ஒரு மணி நேரம் நின்றது.)

4

கதை இத்தோடு முடிந்திருந்தால் வெறும் சிரிப்புக் கதை. நானும் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தேன். மெஷின் சத்தமில்லாமல் ஓடுகிறது, கீழ்வீட்டுக்காரர் படியில் பார்த்தால் சிரிக்கிறார். ஆனால் அவள் இன்னமும் விரிப்புகளைக் கையால் துவைக்கிறாள்.

"மெக்கானிக்தான் போடலாம்னாரே," என்றார் நூலகர்.

"வேண்டாங்க. மறுபடி நான் எதையாவது கெடுத்துவெச்சா? அதுபாட்டுக்கு நல்லா ஓடுது, ஓடட்டும்."

ஆக, அவர் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாரமும் அவள் கையில்தான் வலியாக இறங்குகிறது. இந்த மனிதருக்கு ஒரு முடிவு கண்டாக வேண்டும்.

முதல் முடிவு. சாப்பிடும்போது நான்கு போல்ட்டையும் எடுத்து மேஜைமேல் வைக்கிறார். விஷயத்தைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. எழுதுகிறவனுக்கு ரொம்ப வசதியாகவும் இருக்கிறது, அதனால்தான் சந்தேகப்படுகிறேன்.

இரண்டாவது முடிவு. போல்ட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு, 'இனிமே விரிப்பெல்லாம் என் பொறுப்பு' என்று அவரே மெஷினில் போடுகிறார். என் மேல் எவ்வளவு அக்கறை என்று அவள் உருகுகிறாள். எழுதும்போதே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

மூன்றாவது. அவர் அவள் எதிரே போய் உட்கார்ந்து, 'உன்கிட்ட ஒண்ணு' ...

நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

சரி, போதும். நண்பரும் கிடையாது, நூலகரும் கிடையாது. எந்த நூலகத்திலும் எனக்கு உறுப்பினர் அட்டைகூடக் கிடையாது. வாயால் சொல்ல மூன்று வாரமாக வராததை, நீ ஒரு சொல் விடாமல் அடிப்பாய் என்ற தைரியத்தில் தாளில் எழுதுகிறேன். இது கோழைத்தனம்தான். தப்பு உன் மேல் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. இதற்கு மேல் எனக்கு எழுத வராது. ஐந்து என்று எண்ணைப் போட்டு இடம் விட்டிருக்கிறேன்.

5

(எனக்காக விட்டிருக்கும் இடம் அரைப் பக்கம். பதினொரு மாதத்துக்கு அரைப் பக்கம்! தாராள மனசுதான்.

போல்ட்டைக் கழற்றாததற்கு எனக்குக் கோபம் இல்லை. சிரிப்புத்தான் வந்தது. இந்த மனிதர் பல்பு மாற்ற ஏறினாலே நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பக்கத்தில் நிற்பேன். ஆனால், முன்பின் தெரியாத ஒருவரிடம் 'தப்பு என் மேலதாங்க' என்று நான் சொன்னபோது, பக்கத்தில் நின்று தலையாட்டினாரே, அதை அடிக்கும்போது அழுதுவிட்டேன். அன்றைக்கு நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கதையில் அதற்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறார்.

வாசகர்களே, அவர் முடிவை என் தலையில் கட்டிவிட்டார். மன்னித்துவிட்டேன் என்று அடித்துப் பார்த்தேன், அழித்துவிட்டேன். மன்னிக்கவில்லை என்று அடித்தேன், அதையும் அழித்துவிட்டேன். எதை வைப்பது என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அவசரமே இல்லை, நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் இந்த வீட்டு விரிப்பு, போர்வை, ஜீன்ஸ் எல்லாம் ஆசிரியர் துவைக்கிறார். மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் கையால்தான். இப்போதுகூட வாளிப் பக்கத்திலிருந்து "போதுமாம்மா?" என்று கேட்கிறார். இன்னும் நுரை போகவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.)